கேசட்டுக்குப் பூசிய சந்தனம்

வீடியோ கேம் கேசட்டை ஊதி ஊதி வாய் வலித்த பிறகு, எதற்கோ அதை முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசம்! கோளாறு எங்கே என்று அப்போதுதான் பொறி தட்டியது.

கேமும் மூன்று கேசட்டுகளும் கோரிப்பாளையத்து நண்பன் யூசுப்புடையவை. துபாயிலிருந்து அவன் மாமா வாங்கி வந்தவை. விடுமுறைக்கு எங்கள் வீட்டு டிவியில் விளையாடலாம் என்று கே.கே. நகருக்குக் கொண்டுவந்திருந்தான். ஆயுத பூஜையன்று அரிவாள்மனை, சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, கேசட்டுகளின் அடியில் வரிசையாக இருக்கும் செம்புப் பற்களிலும் தாராளமாகச் சந்தனம் பூசிவிட்டார். மறுநாள் போட்டால் திரையில் வெறும் கோடுகள்.

விஷயம் தெரிந்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அடுத்தவங்க வீட்டுப் பிள்ளை பொருளாச்சே! நல்லா இருக்கணும்னுதானேய்யா வச்சேன்" என்றார் யூசுப்பிடம்.

அவன் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்தேன். அவனோ சிரித்தான்.

"எங்க தர்காவுலயும் சந்தனம் பூசுவோம்மா. இம்புட்டுப் பூச மாட்டோம், அம்புட்டுதான்!"

அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் பென்சில் ரப்பரை எடுத்துப் பற்களைத் தேய்க்கத் தொடங்கினேன்.

"மாப்ள, மெதுவாத் தேயி. கணக்குப் பரீட்சையில அழிக்கிற மாதிரி அழிச்சிராத!" என்றான் யூசுப்.

இரண்டு கேசட்டுகள் ஓடின. டிவியில் இசை கேட்டதும் முதலில் கைதட்டியவர் அம்மாதான்.

ரப்பர் என் யோசனை என்று பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் சிரித்திருக்காவிட்டால் அந்த யோசனையே எனக்கு வந்திருக்காது என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது கேசட் இன்னும் அடம்பிடிக்கிறது. நாளை அதைத் திறந்து பார்க்கப் போகிறோம். "நீயே கழட்டு மாப்ள" என்று யூசுப் ஸ்க்ரூ டிரைவரை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.