ஓடைக்கரைச் சரிவில் ஒரு வீடு

சிறுமலை அடிவாரத்தில், ஓடைக்கரைச் சரிவில் ஆசையாக வீடு கட்டியவர் ஹெப்சிபா டீச்சர். கணவர் ஞானசீலன் பக்கவாதத்தில் படுத்த பிறகு, அவரைத் தனியாகவே பார்த்துக்கொண்டார். ஐப்பசியில் ஒரு மதியம், மலையில் கொட்டிய மழை பாறைகளை உருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கியது. அடுப்படி அஸ்திவாரத்தோடு சரிந்தது. கணவரைப் போர்வையில் கிடத்தி வாசல்வரை இழுத்த டீச்சருக்கு அதற்குமேல் தெம்பில்லை.

"என்னைய விட்டுட்டு நீ போயிரு," என்று குழறினார் அவர்.

"சும்மா இருங்க. போனா ரெண்டு பேருமாத்தான் போவோம்."

மேட்டுத் தோட்டத்துக்காரர் சின்னக்கருப்பன் ஓடிவந்தார். "டீச்சர், நீங்க காலைப் பிடிங்க. நான் தலைமாட்டைத் தூக்குறேன்."

அவர்கள் மேடேறுவதற்குள் வீடு மொத்தமாக வெள்ளத்தில் போனது. ஞானசீலன் பிழைத்துவிட்டார். இப்போது ஒத்தக்கடையில் வாடகைக்கு இருக்கிறார்கள். தூறல் விழுந்தாலே டீச்சருக்குச் சோறு இறங்குவதில்லை.