ஊசி போட்ட வாரமும் பெண் பார்க்க வந்தவர்களும்

ஊசி போடுகிற தொழிலில் குத்துவது சுலபம். குத்து வாங்கியவர் வீட்டுப் புகாரைக் கேட்டு முடிப்பதுதான் பெரும்பாடு. தென்காசியில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். வீட்டில் ஒரு கோபக்காரரை வைத்துக்கொண்டு சோறு வடிக்கிறவர்கள் நான் சொல்லப்போவதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

அஷ்டமி

கணபதி அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி போட்டிருக்கிறார். மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் கட்டி வந்து ஆபரேஷன் செய்த பிறகு, ஆண்களுக்கு ஊற வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் அவர் உடம்பில் தானாக ஊறுவதில்லை. அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் எண்ணெய் மாதிரி ஒரு ஊசி. போட்ட முதல் சில நாள் மருந்து ரத்தத்தில் ஏறி நிற்கும், அண்ணாச்சியும் ஏறி நிற்பார். கடைசி வாரம் இறங்கிவிடும். டிவி சீரியலில் யார் அழுதாலும் இவரும் கண்ணைத் துடைப்பார். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, இவருக்கு ஆனது.

ஆனி மாதத்து ஊசி நாள் அஷ்டமியில் விழுந்தது. மறுநாள் நவமி, அதற்கடுத்தது செவ்வாய், பிறகு கரிநாள். வராமலே இருந்தார். தள்ளிப்போடக் கூடாது என்று போனில் சொன்னேன். அண்ணாச்சி சொன்னார்: "எல்லையில குண்டுக்கே பயந்ததில்ல சிஸ்டர். அதுக்காக அஷ்டமியில உடம்புல ஓட்ட போடச் சொல்லுதியளா?"

இரட்டை உரம்

ஒருவழியாக வந்தபோது முகம் வாடிப்போயிருந்தது. கூட வந்த அவர் மனைவி கோமதியக்கா, இலஞ்சியில் இருந்து மகள் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். பல வரன் பார்த்து, செல்வி வாயால் "சரி" என்று சொன்ன முதல் பையன். ஆடி பிறந்துவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்பதால் அவசரம்.

நான் ஊசி போட்டு அனுப்பினேன். மறுநாளே தெம்பு வரவில்லை என்று அண்ணாச்சி ஊரில் தெரிந்த ஒருவரிடம் இன்னொரு ஊசியும் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மிடுக்காக நிற்க வேண்டுமாம். பெருமையாகப் போன் வேறு. உடனே டாக்டரைப் பார்க்க வாருங்கள் என்று நான் பதறினால், அவர் சிரிக்கிறார்: "ரெண்டு மூடை உரம் போட்டா பயிரு சீக்கிரம் பூக்கும்லா சிஸ்டர்?"

போட்டோவுக்கு நின்றவர்கள்

அருவியில் குளிக்க வருகிற கூட்டம் அப்படியே பூ பார்க்கவும் வந்து, வயலுக்குள் இறங்கிச் செடியை மிதித்துப் போட்டோ எடுப்பது எங்கள் பக்கத்துச் சீசன் தொல்லை. பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அன்று காலை அண்ணாச்சி வயலிலும் ஒரு கார் நின்றது. ஐந்தாறு பேர் இறங்கினார்கள். ஒரு அம்மாள் பூவை வளைத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். மற்ற நாளில் அண்ணாச்சி சத்தம் போட்டு அனுப்பியிருப்பார். அன்று கம்பை ஓங்கிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ரோடு வரை விரட்டினார்.

காரில் ஏறியபிறகு அவர்களில் ஒருவர் பக்கத்து வயல்காரரிடம், இலஞ்சியில் இருந்து பெண் பார்க்க வந்திருக்கிறோம், கணபதி வீடு எது என்று விசாரித்தார். பக்கத்து வயல்காரர் கம்போடு நின்றவரைக் கைகாட்டினார். கார் திரும்பிப் போய்விட்டது. கிளினிக்குக்கு வந்த கோமதியக்கா நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: "எம்மவ அழக்கூட இல்ல சிஸ்டர். கட்டியிருந்த பட்டுச்சேலைய மடிச்சி பீரோவுல வச்சிட்டு, அப்பனுக்குச் சோறு போடுதா."

டாக்டர்

அண்ணாச்சியை டாக்டர் திட்டியதில் வெளியே இருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவைக் குறைத்து, இடைவெளியையும் குறைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட்டால் இந்த ஏற்ற இறக்கம் தணியும். பஞ்சாங்கத்துக்கு இதில் வேலை இல்லை.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கத்தியது தானா, மருந்தா என்று கேட்டார். டாக்டர் பேனாவை மூடினார். "மருந்து கோவத்த ஏத்திவிட்டிருக்கும். கம்பு யாரு கையில இருந்துச்சு அண்ணாச்சி?"

இலஞ்சி

மருந்துச் சீட்டையெல்லாம் காட்டி மன்னிப்புக் கேளுங்கள் என்று கோமதியக்கா பையைக் கொடுத்து அனுப்பினார். அண்ணாச்சி பையைத் திறக்கவே இல்லையாம். வயலில் பூவை வளைத்த அந்த அம்மாள் முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆவணியில் அவர்களே திரும்பி வந்தார்கள். தையில் கல்யாணம்.

போன வாரம் செல்விதான் அவரை ஊசிக்கு அழைத்து வந்தாள். அப்பா இப்போது எப்படி என்று கேட்டேன். "இப்பவும் கத்தத்தான் செய்யுதாரு சிஸ்டர். ஆனா கொஞ்ச நேரங் கழிச்சி வந்து, ‘ஏட்டி, அது ஊசி இல்ல, நாந்தான்’னு சொல்லிட்டுப் போறாரு."

இத்தனை வருடத்தில் எத்தனையோ மருந்தைக் குத்திவிட்டேன், அந்த ஒரு வாக்கியத்தை ஆண்கள் வாயில் வரவைக்கிற ஊசி மட்டும் இன்னும் எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்து சேரவில்லை.