எண் அழிந்த நாற்பத்திரண்டு கதவுகள்

1. பெட்டி திறந்தபோது

களனிச் சூளையிலிருந்து வந்த மரப்பெட்டியைத் திறந்து முதல் சுடுமண் ஓட்டைப் புரட்டினேன். பின்பக்கம் வெறுமை. இரண்டாவதும் அப்படித்தான். பத்தாவதும் வெறுமை.

சுடுவதற்கு முன் ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் கறுப்பு மார்க்கரால் வீட்டு எண்ணை எழுதியவள் நான். அழியாத மை என்று பேனாவில் போட்டிருந்தது. சூளை அதைப் படிக்கவில்லை.

இடம், கொட்டாஞ்சேனையில் கொச்சிக்கடைப் பக்கமாகத் திறக்கும் ஒரு ஒழுங்கை, வீடுகள் நெருங்கிய சந்து. பிரதேச அபிவிருத்தித் திட்டத்தில் அதன் முகப்பு மதிலைச் சுடுமண் ஓவியத்துக்காக எங்கள் கலைக்குழு கேட்டு வாங்கியிருந்தது. நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசற்கதவைக் களிமண்ணில் செய்தார்கள். பதினேழாம் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அதற்கு நானே ஒரு கதவு செய்து சேர்த்தேன். ஒழுங்கையில் உள்ள அதே வரிசையில் மதிலில் பதிக்க வேண்டும். அனுமதி கிடைத்ததே அந்த வரிசையைக் காட்டிய வரைபடத்துக்குத்தான். நாலு மணிக்குத் திட்ட அலுவலர் பார்க்க வருவார். முடிந்திராவிட்டால் மதில் விளம்பரப் பலகைக்குப் போய்விடும்.

மணி பதினொன்று. படம் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தேன். அறிக்கைக்காகச் சிரிக்கும் முகங்களையும் சேற்றுக் கைகளையும், ஓடுகளை அல்ல.

2. யாருடைய கதவு

மதிலில் ஓடு பதிக்க வந்த மேசன் ரவி பாஸ் சிமெந்துக் கலவையைக் குழைத்துவிட்டு நின்றார்.

"மிஸ், கலவை இறுகிடும். எதையாவது எங்கயாவது ஒட்டுவமே? ஐயா வந்து ஒவ்வொரு வீடா தட்டியா பார்க்கப் போறார்?"

வாய்வரை 'ஓம், சரி' வந்துவிட்டது. அதற்குள் மூன்றாம் வீட்டுப் பிலோ அக்கா சத்தம் போட்டார்.

"என்ட கதவ வேற ஆள்ட வீட்டுல வச்சா நான் எங்க போறது? எல்லாத்தையும் கீழ பரப்புங்க தங்கச்சி. நாங்க எடுக்கிறம்."

சாக்கு விரித்துப் பரப்பினோம். எனக்கு எல்லாம் ஒரே சிவப்புச் சதுரங்கள். வந்து கூடிய வீட்டாரோ மரக்கறி பொறுக்குவதுபோல் எடுத்தார்கள். ஒருவர் கீறல் விழுந்த படியைப் பார்த்தார். இன்னொருவர் கண்ணை மூடி, விளிம்பில் தன் பெருவிரல் அழுந்திய பள்ளத்தைத் தடவினார்.

ஒரே ஓட்டை நாலாம் வீட்டுச் சந்திராவும் பிலோ அக்காவும் இழுத்தபோது ஓடிப்போய் அடியில் கையைக் கொடுத்தேன். விழுந்தால் வேறு ஓடு இல்லை.

"அக்கா, இது மூடின கதவு. உங்கட கதவு எந்த நாள் மூடியிருந்திச்சு? ரோட்டுல யார் போறாங்கன்னு பார்க்க எப்பவும் திறந்துதானே கிடக்குது!" என்றார் சந்திரா.

ஒழுங்கையே சிரித்தது. பிலோ அக்கா கையை விட்டார். "அப்ப அந்தப் பாதி திறந்தது என்ட. தாங்க இஞ்ச."

எடுத்தவர் எடுத்த ஓட்டுடன் வீட்டு வரிசைப்படி நின்றார்கள். ரவி பாஸ் ஒவ்வொன்றாக வாங்கிப் பதித்தார். மூன்றரைக்குச் சாக்கில் ஒன்று மிச்சம்.

"இது யார்ட?" என்றேன். "யாராவது பாருங்க, ப்ளீஸ். நேரமில்ல."

பிலோ அக்கா அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "கைப்பிடி இல்லாத கதவு. இத ஆர் செய்வா, சொல்லுங்க பார்ப்பம்?"

பதினேழாம் வீடு. நான் செய்தது.

3. நாலு மணி

அலுவலர் வரைபடத்தைக் கையில் விரித்து, முதலாம் கதவிலிருந்து விரல் வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். பதினேழில் நின்றார்.

"இதுக்கு ஏன் கைப்பிடி இல்ல?"

பின்னாலிருந்து பிலோ அக்கா முந்திக்கொண்டார். "அது வெள்ளவத்தைக் கதவு ஐயா. உள்ளுக்கு இருக்கிற ஆள் மனசு வச்சாத்தான் திறக்கும்."

அலுவலர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். வெள்ளவத்தை அடுக்குமாடியொன்றின் எட்டாம் மாடியில், எந்நேரமும் பூட்டிய கதவுக்குள் வளர்ந்த எனக்கு, சிரிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எண்ணை ஈரக் களிமண்ணில் ஆணியால் கீறுங்கள், மை நிற்காது. கீறுவதற்கு முன், அந்த வீட்டுக் கதவை ஒருமுறையாவது தட்டிப் பாருங்கள்.