வெட்டாத சட்டை

பிணவறையில் அவரைச் சட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். விறைத்த உடம்புக்குச் சட்டை போட அங்கே எல்லோருக்கும் தெரிந்தது ஒரே வழி. முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கத்தரியால் வெட்டு, முன்னாலிருந்து இரண்டு கைகளிலும் ஏற்று, ஓரத்தை அடியில் செருகு. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அவர் இருபத்திரண்டு வருடங்களில் ஒரு சட்டையையும் வெட்டியதில்லை.

"முதுகு காத்தாடுதுன்னு எந்திரிச்சு வந்து கேக்கவா போறாரு, அண்ணே?" என்பான் கூட வேலை பார்ப்பவன்.

"கேட்டா உன்னத்தான் கைகாட்டுவேன்."

விறைப்பது மூட்டு அல்ல, அதைச் சுற்றியுள்ள சதை. முதலில் தாடை, பிறகு கழுத்து, கைகள், கடைசியில் கால்கள். முழங்கை கதவுக்கீல் மாதிரி; மடங்கும், நீளும், அவ்வளவுதான். தோள் ஆழமில்லாத தட்டில் வைத்த பந்து. எந்தப் பக்கமும் உருளும். அதனாலேயே வெடுக்கென்று இழுத்தால் கழன்றும் போகும். பிடித்து, மெல்ல அசைத்து, காத்திருக்க வேண்டும். சதை விட்டுக்கொடுக்கும்.

எட்டு மாதமாக அவருடைய வலது தோள்தான் விட்டுக்கொடுக்கவில்லை. கை மார்புக்கு மேல் ஏறாது. மூட்டின் உறை தடித்து இறுகிவிட்டது, சரியாக வருடக்கணக்காகும் என்றார் டாக்டர். காலையில் மனைவிதான் சட்டை போட்டுவிடுவாள்.

"பொறுங்க, நோகுற கை முதல்ல. என்ன அவசரம்? உங்களுக்காகக் காத்திருக்கறவங்க எங்கயும் ஓடிடப் போறதில்ல."

வேலையிடத்தில் அவர் தோளைப் பற்றிச் சொல்லவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டே சமாளித்தார்.

ஒருநாள் காலை, முந்தின மாலை இறந்துபோன ஒருவரின் மகள் கதவருகே நின்றாள். கையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"அம்மாவுக்கு ரவிக்கைய வெட்டித்தான் போட்டாங்க. தூக்கும்போது முதுகெல்லாம் திறந்து தெரிஞ்சுது. அப்பாவுக்கு அப்படி வேணாங்க."

"வெட்ட மாட்டேம்மா. நான் பொறுப்பு."

வழக்கப்படி வலது கையிலிருந்து தொடங்கினார். விரல், மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாம் வரிசையாக இளகின. சட்டையின் வலது கை ஏறிவிட்டது. மறுபக்கம் போனார். முழங்கை இளகியது. ஆனால் தோளிலிருந்து கை ஒரு சாண் உயர்ந்ததும் நின்றுவிட்டது. பிடித்தார், அசைத்தார், காத்திருந்தார். அரை மணி நேரம் கழித்தும் அதே ஒரு சாண்தான். அவருடைய தோளில் வலி சுரீரென்று பாய்ந்தது. தன் கையில்தான் வலு போய்விட்டது என்று நினைத்தார். இன்னும் அழுத்தினால் இறந்தவரின் தோள் கழன்றுவிடும்.

ஆணியில் தொங்கிய கத்தரியை எடுத்தார். வெட்டுவதற்கு முன் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கத்தரியோடு வந்தவரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"மன்னிச்சிடும்மா. ஒரு கை வரல. என் தோளு சரியில்ல, முன்ன மாதிரி முடியல." எட்டு மாதத்தில் அங்கே அவர் அதைச் சொன்னது முதல் தடவை.

"எந்தக் கை?"

"இடது."

"அது மூணு வருஷமாவே தூக்க வராதுங்களே! நான்தான் தினமும் சட்டை போட்டுவிடுவேன். அந்தக் கைய முதல்ல சட்டைக்குள்ள விடணும். நல்ல கைய அப்புறம் வளைச்சுக் கொண்டுவரணும்."

அவர் கத்தரியைக் கீழே இறக்கினார். தினமும் காலையில் தன் காதில் விழுகிற பேச்சு. செத்தவருக்கும் நோகுற கை ஒன்று இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

உள்ளே போய்ச் சட்டையை உருவி எடுத்து மறுபடி தொடங்கினார். இடது கையைத் தூக்கவில்லை. கிடந்தபடியே விட்டு, சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டு வழியாக ஏற்றித் தோள்வரை கொண்டுபோனார். உடம்பை ஒருக்களித்துத் துணியை முதுகுக்கடியில் தள்ளினார். இளகியிருந்த வலது கை வளைந்து தானாகவே உள்ளே போனது. பட்டன்களை எல்லாம் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

அவள் அப்பாவின் முதுகுக்கடியில் கையை நுழைத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை தடவிப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா கழுத்துப் பட்டன் போடமாட்டாருங்க" என்று அதை மட்டும் அவிழ்த்துவிட்டாள்.