உள்ளங்கால் கேட்ட சத்தம்

என் கணவர் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். இரண்டு வயதாகியும் மகன் கவின் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. ரெம்பாவ் பக்கத் தோட்டத்தில், தூண்கள்மேல் நின்ற அந்தப் பழைய பலகை வீட்டில், கவலைப்பட்டவள் நான் மட்டுமே. நாத்தனார் அவன் நாக்கில் வசம்பைத் தேய்த்தார். அவன் கதறியதையும் நல்ல சகுனம் என்றார்.

காதைப் பரிசோதிக்கலாம் என்றேன்.

“அப்பன் மோட்டார் வந்தா ஓடுறான் லா! புக்கு படிச்சிப் படிச்சி இவளுக்குப் புத்தி கொழம்பிப்போச்சி,” என்று சிரித்த நாத்தனார், அவன் பின்னால் நின்று பலகையை ஓங்கி மிதித்தார். கவின் திரும்பினான். வீடே கைதட்டியது. அவர்களுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.

பிறகு எல்லோருமாகச் சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் சிமெண்டுத் தரை வீட்டுக்குக் குடிவந்தோம். அங்கே வாசலில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் உறுமி நின்றும் கவின் தலை தூக்கவில்லை. அதுவரை அவன் சத்தத்தை அறிந்ததெல்லாம் பலகையின் அதிர்வால், உள்ளங்கால் வழியாகத்தான் என்று அப்போது புரிந்தது. சிரம்பான் மருத்துவமனையில் அவனுக்குக் காது கேட்கவில்லை என்று உறுதிசெய்தார்கள். கருவி பொருத்தினால் பேச்சு வரும், காலம் கடந்துவிடவில்லை என்றார்கள்.

“காதுல மெஷின் மாட்டுனா ஊரே சிரிக்கும்,” என்றார் நாத்தனார். வசம்பு தேய்த்தபோது வராத வெட்கம்! கணவரும் அதையே சொல்லி, தன் வீட்டாரோடு தோட்டத்துக்கே திரும்பிவிட்டார்.

இப்போது எந்தக் குழந்தையைப் பார்த்தாலும், காலடி அதிராமல் பின்னால் நின்று பெயர் சொல்லி அழைக்கிறேன். திரும்பாவிட்டால் தாயிடம் தனியாகச் சொல்கிறேன்.

இந்த வீட்டில் நானும் கவினும் இருக்கிறோம். காலையில் கருவியைத் தானே மாட்டிக்கொண்டு, “அம்மா” என்கிறான்.