மார்லிஸ் இழுத்த வீடு

மின்னசோட்டாவில் எங்கள் பக்கத்து வீட்டு மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். கட்டில், அடுப்போடு கூடிய டிரெய்லர் வாங்கி, பிக்கப் வண்டியில் மாட்டி, கணவன் டுவேனுடன் ஏரிக்கு மீன்பிடிக்கக் கிளம்பினாள். நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. மார்லிஸ் பதறி பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லருக்கு மட்டுமான பிரேக்கைக் கையால் அழுத்தினாள். ஆட்டம் அடங்கியது. ஓரங்கட்டிப் பார்த்தால், டிரெய்லரின் பின்கோடியில் பீர் பெட்டிகள்!

"பின்னாடி பாரம் ஏத்தாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"இறங்கினதும் எடுக்க வசதியா இருக்குமேன்னு..." என்று டுவேன் இழுத்தான்.

"நீ குடிக்கிறதுக்கு முன்னாடியே வண்டி தள்ளாடுது, பார்!"

பெட்டிகள் முன்பக்கக் கட்டிலுக்கடியில் போயின, மார்லிஸ் படுக்கும் பக்கமாக. ஒன்று வேண்டுமானாலும் அவளைத்தான் கேட்க வேண்டும். விடுமுறை முழுக்க டுவேன் காபிதான் குடித்தான்.