ராணி இங்கேயிருந்துதான் போனாளா?

வெறுங்கடலைக் கையால் காட்டி, "அதோ, அந்த இடத்திலிருந்துதான் கப்பல் கிளம்பியது" என்று முகம் மாறாமல் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் எங்கள் கைடு தொழிலில் சோறு. எனக்கு அது வரவில்லை. அதனால் சோறும் அளவாகத்தான் வருகிறது.

நான் புதுச்சேரியில் கொரியாக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறவள். எம்.ஏ. வரலாறு படித்துவிட்டு, ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, கொரிய மேனேஜர்களிடம் திட்டு வாங்கி வாங்கியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் சொந்த ஊரான கருவடிக்குப்பத்துக்கே திரும்பி வந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். நீங்கள் கைடாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் கேட்க ஆசைப்படுவதைச் சொன்னால்தான் சம்பளம் என்கிற ஏதோ ஒரு வேலையில் நீங்களும் இருப்பீர்கள். அந்த வகையில் நாம் பங்காளிகள்.

ஒரே ஒரு வார்த்தை

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கொரியாவின் தெற்குக் கோடியில், ஓர் ஆற்றை ஒட்டி, கயா என்று ஒன்று இருந்தது. அதை ஒரு நாடு என்று சொல்வதற்கில்லை. பள்ளத்தாக்குக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு தலைவன். எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டணி. இரும்பு உருக்கி விற்றுப் பிழைத்தார்கள். வானத்திலிருந்து ஆறு பொன் முட்டைகள் இறங்கின, ஆறு ராஜாக்கள் பிறந்தார்கள் என்று அவர்களுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. அதில் முதல் ராஜாவுக்கு வாழ்க்கைப்பட, கடலுக்கு அப்பால் ஆயுத்தா என்ற தேசத்திலிருந்து ஓர் இளவரசி கப்பலேறி வந்தாளாம். அந்த ஆயுத்தா அயோத்திதான் என்பது ஒரு கட்சி, தமிழ்க் கரைதான் என்பது இன்னொரு கட்சி. அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்கள் அவர்கள் மொழியிலும் இருப்பதை வைத்தே கப்பல் விட்டுவிடுகிறவர்கள் நம் பக்கம் ஏராளம்.

எங்கள் டிராவல்ஸ் முதலாளி முசியே ரெமி இரண்டாவது கட்சி. தமிழர்தான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கொரியர்கள் வர ஆரம்பித்ததும் வீராம்பட்டினம் கடற்கரையை 'ராணி கப்பலேறிய கரை' என்று டூரில் சேர்த்துவிட்டார். பக்கத்திலேயே அரிக்கமேடு இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. "முசியே, அரிக்கமேட்டுல துறைமுகம் இருந்தது நிஜம். ரோமாபுரி ஜாடி கெடைச்சது நிஜம். கொரியாவுக்கு ராணி போனதுக்கு ஒரு ஓட்டாஞ்சில்லுகூடக் கெடைக்கல. கதை இருக்குன்னு சொல்றேன், ஆதாரம் இருக்குன்னு சொல்லமாட்டேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சில் ஆமாம் போட எனக்குச் சொல்லிக்கொடுத்தார்: "உன்ன யாரும்மா பொய் சொல்லச் சொன்னாங்க? அவங்க கேட்டா 'உய்'னு ஒரே ஒரு வார்த்தை. பிரெஞ்சுல சொன்னா அது பொய் ஆவாது."

அழுது முடித்த பிறகு

கிம்ஹே என்ற ஊரிலிருந்து ஒரு பெண்கள் குழு வந்தது. அந்த ஊர்தான் முதல் ராஜாவின் ஊர். கிம் என்பது அவன் வம்சப் பெயர். ராணிக்குப் பிறந்த பிள்ளைகளில் இரண்டு பேர் மட்டும் அம்மாவின் பெயரான ஹோ என்பதை வைத்துக்கொண்டார்களாம். அதனால் கிம்ஹே ஊர் கிம்மும் ஹோவும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பரம்பரை பரம்பரையாக அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. வேனில் இதை நான் மொழிபெயர்த்ததும் எங்கள் டிரைவர் செல்வத்துக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அவன். "அண்ணன் தங்கச்சி மொறை. கட்டக்கூடாது. இதுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ வெளக்கம்?" என்றான்.

வீராம்பட்டினத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாசனைக்கு நடுவில் அந்தப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் மண்டியிட்டுக் கடலைக் கும்பிட்டார்கள். எல்லாரும் அழுதார்கள். பெற்ற வீட்டை விட்டுப் போய்த் திரும்பவே வராத ஒரு பெண்ணை நினைத்து அழ, யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர்கள் தலைவி கேட்டார்: "எங்கள் ராணியம்மா இங்கேயிருந்துதானே போனாள்?" நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். கதை இருக்கிறது, ஆதாரம் இல்லை. அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். வேனில் ஏறும்போது, "இதை நான் அழுவதற்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

விழுங்கிய ஊர், விழுங்காத ஊர்

வரலாறு படிக்கும் ஒரு கொரிய இளைஞர் வந்தபோது பாகூர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். போகிற வழியில் 'புதுச்சேரி வரவேற்கிறது' பலகை, கொஞ்ச தூரத்தில் தமிழ்நாட்டுப் பலகை, மறுபடியும் புதுச்சேரிப் பலகை. அவர் ஜன்னலில் ஒட்டிக்கொண்டார். நம் ஊர் துண்டு துண்டாகத்தான் இருக்கும், காரைக்கால் ஒரு துண்டு, மாஹே ஒரு துண்டு, ஏனாம் ஒரு துண்டு, இந்தத் துண்டுக்குள்ளேயும் பல துண்டு என்றேன். "இதுதான் கயா!" என்று துள்ளினார். நம்மைப் பார்த்து ஒருவர் துள்ளினால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குக் கயாவின் முடிவும் தெரியும்.

பக்கத்தில் சில்லா என்று ஒரு பெரிய ராஜ்ஜியம். அது கயா ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. ஒன்று விழும்போது மற்றவை வேடிக்கை பார்த்தன. முதல் ராஜாவின் வம்சத்துக் கடைசி வாரிசு பெண்டாட்டி பிள்ளைகளோடு, கஜானாவையும் தூக்கிக்கொண்டு போய்ச் சரணடைந்தான். கயாக்காரர்கள் எழுதிய வரலாறு என்று தனியாக எதுவும் மிஞ்சவில்லை. இருப்பதெல்லாம் மற்றவர்கள் பிற்பாடு எழுதியது. இதைச் செல்வத்துக்குச் சொன்னேன். "அப்ப தோத்தவன் இன்னா சொன்னான்னு எப்பிடித் தெரியும்? கேட்டுச் சொல்லுக்கா" என்றான். கேட்டேன். அந்த இளைஞர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டே பதில் சொன்னார்: "அவனுடைய கல்லறையைத் தோண்டினால் தெரியும்; அதுவரைக்கும் அவன் காத்திருக்க வேண்டியதுதான்."

குழிக்குள் யார் யார்

தோண்டினார்கள். குன்றின் மேல் வரிசையாகக் கயாத் தலைவர்களின் சமாதிகள். நடுவில் தலைவன்; சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகளில், அவன் செத்ததால் கூடவே சாகவேண்டி வந்த வேலையாட்கள். கொரியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பாக்டரி மேனேஜர் ஒருவர் அங்கே மியூசியத்தில் பார்த்ததை வேனில் விவரித்துக்கொண்டு வந்தார். செல்வம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டிரைவரையும் போட்டு மூடினாங்களாக்கா?" என்றான்.

அந்த மாதம் முசியே ரெமியிடம் புக்கிங் குறைந்துபோயிருந்தது. இரண்டு வேனில் ஒன்றை விற்றுவிட்டார். 'உய்' சொல்கிற ஒரு பெண்ணை லாஸ்பேட்டையிலிருந்து வேலைக்கு எடுத்து, கொரியக் குழுக்களை ஒவ்வொன்றாக அவளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாண்டிச்சேரி பார்க்க வரும் சென்னைக்காரர்கள் மிஞ்சினார்கள். அவர்களுக்குக் கைடு எதற்கு, போன் இருக்கிறது. இந்த நினைப்பில் நான் செல்வத்தின் கேள்வியை மொழிபெயர்க்க, மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "குதிரைக்காரன் கட்டாயம் இருந்திருப்பான். கைடும் இருந்திருப்பார். இல்லாவிட்டால் தலைவருக்கு மேலுலகத்துக்கு வழி யார் காட்டுவது?"

இந்த ஒரு தடவை

கடைசியில் முசியே ரெமி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வழக்கமாக நிற்க வைத்தே பேசுகிறவர், காபி வேறு வாங்கிக்கொடுத்தார். கிம் என்று ஒரு பெரியவர் கிம்ஹேயிலிருந்து தனியாக வருகிறாராம். ராணிக் கரையை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம். கொரிய மொழி நன்றாகப் பேசுகிற ஆள்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். லாஸ்பேட்டைப் பெண்ணுக்கு அவ்வளவு வராது. முசியே ரெமி நல்ல மனிதர். ஆனால் வேன் விற்ற மனிதர். "இந்த ஒரு தடவை 'உய்' சொல்லிடும்மா. இவரும் மூஞ்சைத் தூக்கிக்கினு போனாருன்னா, அப்பறம் உன்ன வச்சுக்க என்னால முடியாது."

கிம் பெரியவர்

பிரெஞ்சுக்காரர் தெருக்களின் மஞ்சள் சுவர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். வீராம்பட்டினத்தில் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இளவயதில் அவர் ஊர்த் தபால் ஆபீசில் ஒரு பெண் இருந்தாள். ஹோ வம்சம். இரண்டு வீட்டிலும் சொன்னது ஒரே பதில்: "அவள் உனக்குத் தங்கை." இவருக்கு வேறு பெண் பார்த்துக் கட்டிவைத்தார்கள். அவளும் புசான் நகரத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் குடும்பம் நடத்தினார்களாம். இவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் கணவரும் இல்லை. "போன வருஷம் என் பேத்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹோ வம்சத்துப் பையன். யாராவது ஒருவர் எழுந்து, கூடாது என்பார் என்று கல்யாணம் முடியும்வரை காத்திருந்தேன். யாருமே வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் புசானுக்குப் போன் செய்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை. அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, அந்தக் கதை நிஜமா என்பதுதான். போய்க் கேட்டுவந்து சொல்கிறேன் என்று இவர் கிளம்பிவிட்டார். இப்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், ராணி இங்கேயிருந்துதான் போனாளா என்று. என் வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது; எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு கதையை நிஜம் என்று எல்லாரும் சேர்ந்து சொன்னதால்தான் இவர் வாழ்க்கை இப்படிப் போனது. அந்தக் கூட்டத்தில் நானும் போய்ச் சேர எனக்கு மனசு வரவில்லை. தடைக்கே ஆதாரம் இல்லை என்று தெரிந்தால், இந்த வயதிலாவது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாமே என்ற நப்பாசையும் எனக்கு இருந்தது. "ஐயா, கதை இருக்கிறது. இங்கேயிருந்து போனாள் என்பதற்கு ஆதாரம் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கே ஆதாரம் இல்லை" என்றேன்.

அவர் தொப்பியில் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு நன்றி சொல்லித் தலை குனிந்தார். என்னைவிட எவ்வளவோ பெரியவர், இடுப்புவரைக்கும் குனிந்தார். செல்வம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான், வாங்கிக் குடித்தார். போனை எடுத்துப் புசானுக்குப் போட்டார். அந்தப் பக்கம் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு வயதான பெண்குரல், "சொல்லுங்கள்" என்றது. எனக்கு அவர் மொழி தெரியும் என்பதை மறந்துவிட்டாரோ, அல்லது நான் கேட்கட்டும் என்றே பேசினாரோ, தெரியாது. கடலைப் பார்த்துக்கொண்டு, குரல் நடுங்காமல் சொன்னார்: "இங்கேயிருந்துதான் போயிருக்கிறாள். இந்த ஊர்க்காரப் பெண்ணே சொல்லிவிட்டாள், எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறதாம். நாம் அண்ணன் தங்கைதான். நாம் செய்தது சரிதான், நீ நிம்மதியாகத் தூங்கு."

ராணி போனாளோ இல்லையோ, நான் வேலையைப் பணயம் வைத்துச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு 'ஆமாம்' மட்டும் என் பேரிலேயே வீராம்பட்டினத்திலிருந்து கொரியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதற்கு நானே ஆதாரம்.